நாங்கள் பார்த்த பக்கம் நடந்தாள்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீ போன இடத்தில் உன் வேலைக்கும் உடம்புக்கும் ஒரு குறையும் வராமல் ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும். இங்கே உன் அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்திருக்கிறது, எனக்கு வழக்கமான இருமல்தான். எல்லோரும் சுகம் என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே போவதுதான் முறை, ஆனால் அந்த எல்லோரில் ஒருத்தியைச் சேர்த்து எழுத எனக்குக் கை வரவில்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் குரல் ஏறிவிடுகிறது, உடனே உன் அம்மா பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். காகிதத்தில் என்றால் கடைசி வரைக்கும் நானே பேசலாம்.

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை உன் அம்மா எனக்கு மூன்று முறை போட்டுக் காட்டினாள். "அப்பா, நல்ல நாள்ல எல்லார் முன்னாடியும் என் பிள்ளைய வெச்சுப் பரீட்சை நடத்தியிருக்கீங்க, முதல்ல உங்க மருமககிட்ட மன்னிப்பு கேளுங்க, மத்தத அப்புறம் பேசலாம்" என்று சொல்லியிருக்கிறாய். யார் யாரோ உனக்கு எது எதையோ சொல்லியிருக்கிறார்கள். நடந்ததை நடந்தபடி நான் எழுதுகிறேன், படித்துவிட்டு நீயே முடிவு செய். ஆனால் முழுசாகப் படி, பாதியில் மடித்து வைத்துவிடாதே, சின்ன வயதில் இருந்தே உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்பு சர்ச்சில் இருந்து கேரல் குழு நம் வீட்டுக்கு வந்தது. கூடத்தில் குடில் வைத்திருந்தோம், மரம் வைத்திருந்தோம், உன் அக்கா முந்தின நாளே பிள்ளைகளோடு வந்துவிட்டாள். உன் மகள், நம் பட்டாணி, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குடில் முன்னால் பாயில் உட்கார்ந்து வைக்கோலை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் படியில் நின்று டிரம்மில் ஓங்கி ஒரு அடி அடித்தார்கள் பார், உன் அக்காவின் பெரியவன் துள்ளி எழுந்தான், சின்னவள் அலறி அம்மா மடியில் விழுந்தாள், உன் அம்மா கையில் இருந்த தட்டு சரிந்து கேக் துண்டெல்லாம் தரையில். பட்டாணி இன்னொரு வைக்கோலை உருவினாள். "எவ்வளவு தைரியசாலி பாருங்க" என்றார் மாப்பிள்ளை. எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டவன் குனிய, அவன் நிழல் அவள் மேல் விழுந்தபோதுதான் திரும்பினாள். திரும்பியதும் வீல் என்று கத்தினாள், அதற்கும் சிரித்தார்கள்.

இவளுக்குக் காது கேட்கிறதா என்றே எனக்குச் சந்தேகம் என்று அன்று இரவே உன் அம்மாவிடம் சொன்னேன். "வாயக் கழுவுங்க, உங்க மகனே மூணு வயசுலதான் பேசினான்" என்றாள். உன் அக்காவிடம் சொன்னேன், "அப்பா, உங்களுக்கு எதைப் பாத்தாலும் கோளாறாத்தான் தெரியும், காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்" என்றாள். நியாயம்தான், நாற்பது வருஷமாகக் கோளாறு பார்த்துத்தானே உங்களைச் சாப்பிட வைத்தேன்.

பண்டிகை அன்று காலை சர்ச் முடிந்து வந்தோம். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், நடக்கத் தெரிந்த கடைக்குட்டி மணி தேட வேண்டும். ஒருவர் மறைந்திருந்து கைமணியை ஆட்டுவார், சத்தம் வரும் இடத்துக்குக் குழந்தை நடந்து போனால் அங்கே பரிசு இருக்கும். உனக்கு ஒன்றரை வயதில் நீ தையல் மெஷினுக்குப் பின்னால் நேராகப் போய் என் காலைப் பிடித்தாய். போன வருஷம் இவள் உன் தோளில் இருந்தாள், இந்த வருஷம் இவள் முறை. உன் அக்கா பெரிய அலமாரிக்குப் பின்னால் போய் மணியை ஆட்டினாள். பட்டாணி புதுச் சட்டையின் பட்டனைத் திருகிக்கொண்டிருந்தாள். இன்னும் பலமாக ஆட்டினாள். பட்டனைத்தான் திருகினாள். "அப்படியே தாத்தா குணம், யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டா" என்றார் மாப்பிள்ளை. கூடமே அதிர்கிற மாதிரி ஒரு சிரிப்பு. அப்புறம் அவள் தலையை நிமிர்த்தி எங்களைப் பார்த்தாள், ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், நாங்கள் எல்லோரும் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தோம், அவளும் எழுந்து தள்ளாடித் தள்ளாடி அலமாரிக்குப் போனாள். ஒரே கைதட்டல். "பாத்தீங்களா" என்று உன் அம்மா என்னைப் பார்த்தாள், கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது அவளுக்கு. அவளுக்கும் உள்ளே பயம் இருந்திருக்கிறது.

அந்த இடத்தில் நான் விட்டிருக்க வேண்டும் என்கிறீர்கள். என்னால் முடியாது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எனக்கு யாரும் மோட்டார் வைண்டிங் சொல்லித்தரவில்லை, எரிந்துபோன மோட்டாரைப் பிரித்துப் பிரித்து நானே கற்றது. ஒரே நேரத்தில் இரண்டு விஷயம் மாறினால் எது காரணம் என்று தெரியாது, ஒன்றை மட்டும் மாற்றிப் பார் என்பது நான் அப்படிக் கற்ற பாடம். மணியும் அலமாரிப் பக்கம், எங்கள் கண்ணும் அலமாரிப் பக்கம். அதனால் சொன்னேன், மணி அதே இடத்தில் அடிக்கட்டும், நாம் எல்லோரும் குளியலறைக் கதவைப் பார்ப்போம் என்று. விளையாட்டு என்று நினைத்துப் பிள்ளைகள் முதலில் திரும்பினார்கள், பிறகு பெரியவர்கள். மருமகளும் திரும்பினாள். உன் அக்கா அலமாரிக்குப் பின்னால் மணியை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பட்டாணி எங்கள் முகங்களைப் பார்த்தாள். பிறகு நடந்து குளியலறைக் கதவுக்குப் போனாள். மூடிய கதவை இரண்டு கையாலும் தட்டிவிட்டு, பரிசு எங்கே என்று எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். இந்த முறை யாரும் கை தட்டவில்லை. உன் அக்காவுக்கு ஒன்றும் தெரியவில்லை பாவம், அலமாரிக்குப் பின்னால் இருந்து மணியை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

மருமகள் ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கினாள். "என் பிள்ளை என்ன நீங்க ரிப்பேர் பண்ற மோட்டாரா மாமா" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. பந்தி போடுவதற்குள் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சமைத்ததை யாரும் சரியாகத் தொடவில்லை. உன் பெரிய அத்தை போகும்போது, "அண்ணே, உண்மையாவே இருந்தாலும் இன்னைக்கு ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா" என்று கேட்டுவிட்டுப் போனாள். இன்று பத்தாவது நாள், உன் அம்மா எனக்குச் சோறு போடுகிறாள், பேசுவதில்லை. குடிலைக்கூட இன்னும் யாரும் பிரிக்கவில்லை.

தட்டு விழுந்தால் திரும்புகிறாளே என்று சம்பந்தி அம்மா சொன்னார்களாம். தட்டு விழுந்தால் தரை அதிரும். காதே கேளாதவன்கூட மோட்டார் மேல் கையை வைத்து பேரிங் போய்விட்டது என்று சொல்லிவிடுவான்.

இப்போது நான் எழுதப்போவதை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. ஸ்க்ரூ டிரைவர் முனையை மோட்டாரில் ஊன்றிப் பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டுக் கோளாறு சொல்கிறவன் நான், தெருமுனையில் ஓடுகிற பம்ப் இன்னும் ஒரு வாரம்தான் தாங்கும் என்று வீட்டில் உட்கார்ந்தபடி சொன்னவன் நான். நீ போனதில் இருந்து தினமும் மத்தியானம் இவளைக் கடையில்தான் தொட்டிலில் போட்டுக்கொண்டேன். பக்கத்தில் கிரைண்டிங் மெஷின் போடுவேன், சுத்தியலால் அடித்து பேரிங் கழற்றுவேன், அவள் அசையாமல் தூங்குவாள். வருகிற வாடிக்கையாளரிடம் எல்லாம் பெருமை அடித்தேன், தாத்தா தொழில் பேத்திக்குத் தாலாட்டு என்று. ஒரு வருஷம். ஒரு வருஷம் கோளாறு என் காலடியில் தூங்கிக்கொண்டிருந்தது, நான் அதைக் காட்டிப் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். நீங்கள் எல்லோரும் என்னைத் திட்டுவதற்கு வேறு காரணம் வைத்திருக்கிறீர்கள், இதற்காகத் திட்டியிருந்தால் நான் தலை குனிந்திருப்பேன். பண்டிகைக்குப் பிறகு கடையைத் திறக்கவில்லை. மெஷினைப் போட்டால் அந்தத் தொட்டில்தான் தெரிகிறது.

ஆஸ்பத்திரித் தெருவில் காது பரிசோதனை செய்கிற ஒரு பெண் இருக்கிறாள், தனியாகப் போய்க் கேட்டேன். நான் சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டாள், கூடத்தில் நான் செய்ததைக் கேட்டு அவள் ஒன்றும் திட்டவில்லை. "பரிசோதனை பண்ணாம எதுவும் சொல்ல முடியாதுங்க ஐயா. ஆனா இனி ஒரு வாரம்கூடத் தள்ளாதீங்க, பேச்சு வர்ற வயசு இது. அம்மாவோ அப்பாவோ கட்டாயம் கூட வரணும்" என்றாள். அவளிடம் முதலில் காலியாக இருந்ததே இந்த மாதம் இருபத்திரண்டாம் தேதிதான், காலை பத்து மணிக்குக் கொடுத்திருக்கிறாள். ரத்து செய்யுங்கள் என்று உன் அக்கா சொல்லிப் பார்த்தாள். நான் உயிரோடு இருக்கும்வரை அதை ரத்து செய்ய மாட்டேன்.

முந்தாநாள் சம்பந்தி வீட்டுக்குப் போனேன். மன்னிப்பு கேட்கப் போனேன் என்று நினைக்காதே, தேதியைச் சொல்லத்தான் போனேன். கேட் திறந்திருந்தது. பட்டாணி படிக்கட்டில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு டப்பாவுக்குள் கல்லைப் போட்டுப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். நான்கு அடி தூரம்தான். நான் கூப்பிடவில்லை. வாய் வரைக்கும் வந்தது, கூப்பிடவில்லை, திரும்பாமல் இருந்துவிடுவாளே என்று பயம். அப்போது மருமகள் உள்ளே இருந்து வந்தாள், என்னைப் பார்க்கவில்லை. முன்பெல்லாம் அந்தப் பெண் மூன்று அறைக்கு அந்தப் பக்கம் இருந்தே பட்டாணி பட்டாணி என்று வீடு முழுக்க ஏலம் போடுவாளே, அன்று ஒரு வார்த்தை இல்லை. மெதுவாக இறங்கி வந்து, குனிந்து, பிள்ளையின் தோளைத் தொட்டாள். தொட்டுத் திருப்பி, முகத்துக்கு எதிரே உட்கார்ந்து, சாப்பிடலாமா என்று வாயைக் காட்டிக் கேட்டாள்.

அவளுக்குத் தெரியும், மகனே. என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். நான் தேதியைச் சொல்லாமலே திரும்பி வந்துவிட்டேன். இத்தனை பேர் இருக்கிற குடும்பத்தில் அந்தப் பெண் இதைத் தனியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அவளை அப்படி உட்கார வைத்தது என் அவசரம். ஆகவே இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், நீ அவளிடம் படித்துக் காட்டு. ஆள் நிறைந்த கூடத்தில் வைத்துச் செய்தது தவறு, அதற்கு மன்னிப்பு கேட்கிறேன். செய்தது தவறு என்று மட்டும் யார் சொன்னாலும் சொல்ல மாட்டேன். அவள் என் முகத்தில் விழிக்க வேண்டாம் என்றால் நான் பரிசோதனைக்கு வரவில்லை, தெருவில்கூட நிற்கவில்லை. அவளைத் திட்டாதே, ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்காதே, இருபத்திரண்டாம் தேதி போ என்று மட்டும் சொல். முடிந்தால் நீயும் வா. லீவு கொடுக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் கேள்.

எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும். எனக்குத் தெரியாததை நான் எழுதுவதில்லை. நடந்த ஒரு வருஷத்தை யாரும் திருப்பித் தரப்போவதில்லை, அது மட்டும் தெரியும். ராத்திரி ஜெபத்தில் உட்கார்ந்தால் அவளுக்கு என்ன கேட்பது என்று விளங்கவில்லை, சும்மா உட்கார்ந்துவிட்டு எழுந்துவிடுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு படுக்காதே. கர்த்தர் உன்னையும் உன் மனைவியையும் பிள்ளையையும் தம் கைக்குள் வைத்திருக்கட்டும், தாத்தா பாட்டியின் ஆசீர்வாதம் மூன்று பேருக்கும். கூரியரில் அனுப்புகிறேன், நாலைந்து நாளில் வந்துவிடும் என்றார்கள்.

ஒன்றை மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நீ ஜன்னலை முதுகில் வைத்துக்கொண்டு உட்காருகிறாய், இங்கே உன் முகம் கறுப்பாகத்தான் தெரிகிறது. அவள் உன் குரலைக் கேட்டுச் சிரிக்கிறாள் என்று நாம் நினைத்திருந்தோம். இனிமேல் ஜன்னலைப் பார்த்து உட்கார், வெளிச்சம் உன் வாயில் விழ வேண்டும், மெதுவாகப் பேசு.

இப்படிக்கு,
உன் அப்பா