தறிப் பெட்டியின் கடைசி வரி

அக். 9, வியாழன்

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. பாபு அண்ணனுக்குத் திங்கட்கிழமை பெட்டி கொடுக்க வேண்டும். பாக்கி: ஒயர் வெட்ட, ஸ்டிக்கர் ஒட்ட, புரோகிராமின் புதுப் பதிப்பை ஏற்ற.

பாபு அண்ணன் பக்கத்துத் தெரு. நான் எழுதிய புரோகிராமை வீட்டுக்கு வெளியே வாங்கப் போகும் முதல் ஆள். இதுவரை அது ஓடுவது எங்கள் ஷெட்டில், என் வீட்டுக்காரரின் பட்டுத் தறியில் மட்டும். ஒவ்வொரு ஊடைக்கும், அதாவது குறுக்கு நூலுக்கும், எந்தக் கொக்கி மேலே போக வேண்டும் என்று, தறியின் மேலிருந்து டிசைன் எடுக்கும் ஜக்கார்டுக்குச் சொல்வது அந்தப் பெட்டிதான்.

சாயங்காலம் ஷெட்டுக்கு டீ கொண்டுபோனேன். தறியில் தேவகி அக்கா. களம்பூரிலிருந்து தினம் பஸ்ஸில் வருகிறவர். என் கண் முன்னாலேயே பெட்டியின் திரை கறுத்து, தானாக மறுபடி எழுந்தது. ஆகஸ்டுக்குப் பிறகு நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அக்கா என்னைப் பார்க்காமல் நூலைப் பார்த்தார். இவர் ஓடிவந்து, கரண்ட் ஏறி இறங்குகிறது, வேறொன்றும் இல்லை, நீ மேலே போ என்றார்.

டியூப்லைட் சிமிட்டக்கூட இல்லை.

லாக்கை எடுத்துப் பார்த்தேன். புரோகிராம் தான் செய்வதையெல்லாம் எழுதிக்கொண்டே போகும் கோப்பு அது. கடைசி வரியில் எல்லாம் சரி என்று இருக்கிறது. ஆனால் அது தறி நின்ற இடத்துக்கு ரொம்ப முன்னால் நெய்த வரிசை. நடுவில் நடந்ததைக் காணோம்.

அக். 10, வெள்ளி

லாக் ஏன் காணாமல் போகிறது என்று மட்டும் புரிந்தது. நான் எடுத்துப் பயன்படுத்திய லைப்ரரி, வரிகளை மெமரியில் சேர்த்து வைத்து மொத்தமாகத்தான் டிஸ்க்கில் எழுதும். புரோகிராம் செத்தால் கையில் வைத்திருந்த வரிகளும் அதோடு போச்சு. சி மொழியில் எழுதி நேராக மெஷின் மொழிக்குக் கம்பைல் செய்தது. விழும்போது தாங்கிப் பிடித்து, எங்கே விழுந்தது என்று சொல்ல நடுவில் ஆள் கிடையாது. அந்த வேலையை நானேதான் எழுத வேண்டும். விழும் நொடியில் ஒரு சிக்னல் வரும். அது வந்ததும் மிச்ச வரிகளை எழுதிவிட்டுச் சாகச் சொன்னேன்.

மதியமே ஏற்றிவிட்டேன். அவசரப்பட்டிருக்கக் கூடாது. பெட்டி விழவும் இல்லை, எழவும் இல்லை, அப்படியே உறைந்துவிட்டது. கொக்கிகள் பழைய நிலையில் நிற்க, தறி பாட்டுக்கு ஓடி, பார்டரில் இரண்டு விரல் அகலம் பாழ். முகூர்த்தப் புடவை வேறு.

என் தப்புதான். சாகிற நேரத்தில் புதிதாக மெமரி கேட்டிருக்கிறேன். ஒரு நேரத்தில் ஒரு பகுதிக்குத்தான் கிடைக்கும் மெமரிப் பூட்டு, அப்போது விழுந்துகொண்டிருந்த பகுதியிடமே இருந்திருக்கிறது. தன் பூட்டுக்குத் தானே காத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

தேவகி அக்கா பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஊடையைப் பிரித்தேன். மன்னிச்சுக்குங்க என்றேன்.

"இதுக்கு இன்னாத்துக்கும்மா மனசு கஷ்டப்பட்டுக்கிற. டெய்லி பிரிச்சிகினுதான இருக்கறோம்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வாரக்கணக்காக நடக்கிறதாம். பெட்டி நிற்கும், தானாக எழாவிட்டால் இவரே தட்டி எழுப்புவார், அதற்குள் தப்பாக விழுந்த ஊடையை இருவரும் உட்கார்ந்து பிரிப்பார்கள். ஹேமாவுக்குச் சொல்லக் கூடாது என்று அக்காவுக்கு உத்தரவு.

இவரிடம் கேட்டேன். முதலில் சிரித்து மழுப்பினார். பிறகு சொன்னார்.

"ஆகஸ்டுல நின்னப்ப சோறு தண்ணி இல்லாம அதையே பாத்துகினு இருந்து ஜுரத்துல படுத்த. நாலு ஊடை பிரிக்கறது எனக்கு ஒண்ணும் பேஜார் இல்ல ஹேமா. உன்ன அப்படிப் பாக்கறதுதான் பேஜாரு."

"திங்கக்கிழம இதையே பாபு அண்ணன் தறியில மாட்டியிருப்பேனே. அப்பவும் சொல்லியிருக்க மாட்டீங்களா?"

ராத்திரி தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

அக். 11, சனி

தூறல் விட்டுப் புழுக்கம். கேஸ் புக் செய்ய. அம்மாவுக்கு போன்.

காலையில் இவரே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். கேள், எல்லாம் சொல்கிறேன் என்றார். எப்போது, புடவையில் எந்த இடத்தில் என்றால் ஒன்றும் நினைவில்லை. பிரிக்கிற அவசரத்தில் யார் பார்த்தது என்று தலையைச் சொறிந்தார். கோபத்திலும் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

மறுபடி எழுதினேன். புரோகிராம் தொடங்கும்போதே ஒரு துண்டு மெமரி ஒதுக்கியாயிற்று. அதில் வார்த்தை கிடையாது, ஒவ்வொரு செயலுக்கும் ஒரு எண். சிக்னல் வந்தால் யாரிடமும் எதுவும் கேட்காமல் அந்தத் துண்டை அப்படியே டிஸ்க்குக்குத் தள்ளிவிட்டுச் சாக வேண்டும். இந்தத் தடவை மேஜையில் வைத்து வேண்டுமென்றே கொன்று கொன்று பார்த்தேன். இவர் பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டே ஒவ்வொரு முறையும் செத்துச்சா, செத்துச்சா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். எத்தனை முறை செத்தாலும் கடைசி எண் வரை இருந்தது.

கோபம் முழுதாகப் போகவில்லை. ஆனாலும்.

அக். 12, ஞாயிறு

முகூர்த்தப் புடவைக்காக அக்கா இன்றும் வந்தார். நானும் ஷெட்டிலேயே. நாம் எழுதியது எப்போது விழும் என்று ஆசையாகக் காத்திருப்பது விநோதம். வேண்டும்போது விழவில்லை. மதியம் இவர் பிரியாணி வாங்கி வந்தார். சாப்பிட்டுக் கை கழுவும்போது ஷெட்டிலிருந்து அக்காவின் குரல்.

"ஹேமா, ஜல்தியா வா. உன் புள்ள வுழுந்துட்டான்."

கடைசி எண் வரை இருந்தது. புட்டாப் பூ ஆரம்பிக்கும் இடத்தில் டிசைன் மாறுகிறது. அதே நேரம் நெடுக்குப் பாவில் நூல் அறுந்து, அக்கா பெட்டியின் நிறுத்தும் பொத்தானை அமுக்குகிறார். அமுக்கினால் புரோகிராம் பழைய வரிசையை இன்னொரு முறை படிக்கும். ஆனால் அதற்குள் பழைய டிசைன் அழிக்கப்பட்டுவிட்டது. இல்லாத இடத்தில் போய்ப் படித்து விழுந்திருக்கிறது. என் மேஜையில் நூல் அறுவதில்லை. அதனால்தான் என்னிடம் ஒருநாளும் விழவில்லை.

திருத்தம் சின்னது. படித்து முடிக்கும்வரை அழிக்காதே, அவ்வளவுதான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவர் பயந்துபோய் என்ன ஆச்சு என்றார். கிடைச்சுடுச்சு என்றேன். அக்கா அதற்குள் பிரிக்க உட்கார்ந்துவிட்டார். நாங்களும்.

அக். 13, திங்கள்

பாபு அண்ணன் வந்தார். பெட்டி தயார், ஸ்டிக்கர்கூட ஒட்டியாயிற்று. திருத்திவிட்டோமே, கொடுத்துவிடலாம் என்று இவர் சமையலறைக்கு வந்து கிசுகிசுத்தார். மாட்டேன் என்றேன்.

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாரக்கணக்காக விழுந்தது, நேற்றுதான் காரணம் தெரிந்தது, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்க்காமல் தர மனசில்லை. வேண்டாம் என்று போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். டீயை ஆற்றிக் குடித்தார்.

"என் பழைய பெட்டியுந்தான் நிக்குது. ஏன்னு கேட்டா எவனும் சொல்ல மாட்டேங்கறான். நீ கேக்கறதுக்கு முன்னாடியே சொல்ற. வெச்சிரு, தீபாவளி கழிச்சி வரேன்."

அவரை வாசல் வரை கொண்டுபோய் விட்டு வந்த இவர், ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டியைத் தானே தூக்கி அலமாரியில் வைத்தார்.

அக். 15, புதன்

மறுபடி தூறல். பெட்டி இரண்டு நாளாக நிற்கவில்லை. முகூர்த்தப் புடவையைத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்தாயிற்று. அக்காவுக்கு ஒரு நாள் லீவு. தறியில் இவர்.

மதியம் குழம்பு கொதிக்கும்போது இவர் மூச்சிரைக்க மேலே வந்தார்.

"நின்னுட்டுது. இப்பதான். நான் கையே வெக்கல, அப்படியே வுட்டுட்டு வந்தேன்."

தப்புச் செய்தவர் மாதிரி முகம். வேறு ஏதோ காரணமாக இருக்க வேண்டும். என்னவென்று தெரியாது. அடுப்பை அணைத்தேன். நான் நேராகக் கீழே ஓடுவேன் என்று வழிவிட்டு ஒதுங்கி நின்றார். தட்டு எடுத்து இரண்டு பேருக்கும் சோறு போட்டேன். லாக் கீழே பத்திரமாக இருக்கும். சாப்பிட்டு முடித்துத்தான் இறங்கினோம்.