பென்சில் அளவு தண்ணீர்

11 ஒக்டோபர் 1994, செவ்வாய்

இன்றும் பச்சைத்தண்ணீரில் குளிப்பு. பற்கள் தந்தியடிக்க வேலைக்குப் போனேன். சான்ட்விச் தொழிற்சாலையில் எங்களை நிறுத்தியிருப்பதும் குளிர் அறையில்தான். ஒரு நாளில் நான் சூடாக இருக்கும் இடம் பஸ் மட்டும்.

விபரத்தை எழுதி வைக்கிறேன். பிறகு யாரும் பொய் என்று சொல்லக்கூடாது. மனோர் பார்க்கில் நாங்கள் இருக்கும் இந்த வீட்டின் சொந்தக்காரர் ஸ்ரீஸ்கந்தராஜா. கடைக்காரர், கோயில் உபயகாரர். கோடையில் பழைய சுடுதண்ணீர்த் தாங்கியைக் கழற்றிவிட்டுக் குசினிச் சுவரில் புதுப் பொய்லர் பூட்டினார். குழாயைத் திறக்கிற நேரம் தண்ணீரைச் சுடவைத்துத் தருகிற வகை. தாங்கி இருந்த அலுமாரியைக் கொஞ்சம் அகலமாக்கி அறை என்று பெயர் வைத்தார். அதில் நான் இருக்கிறேன். காலை நீட்டினால் சுவர்.

பக்கத்து அறையில் ஞானரட்ணம் அண்ணையும் அவர் மனைவி கலாவதி மச்சாளும். மச்சாளுக்கு எட்டாம் மாதம். கீழ் முன்னறையில் செல்லப்பன், மலேசியாக்காரர், இன்சூரன்ஸ் கந்தோரில் வேலை, போன மாதம்தான் வந்தார்.

பழுது இதுதான்: ஹீட்டிங் வேலை செய்கிறது. குசினிக் குழாயில் சுடுதண்ணீர் வருகிறது. மேலே பாத்ரூமில் வருவதில்லை. மச்சாள் குசினியில் வாளி நிரப்பிக்கொண்டு பதினான்கு படி ஏறுகிறார், வயிற்றையும் தூக்கிக்கொண்டு.

பாத்ரூம் கதவில் ஸ்ரீஸ்கந்தராஜாவின் கையெழுத்தில் நோட்டீஸ். தலையில் ஒரு வேல் படம். “சுடுதண்ணீர் எல்லோருக்கும் பொது. குழாயைப் பென்சில் அளவுக்கு மேல் திறக்க வேண்டாம்.” வராத தண்ணீருக்கு அளவு.

14 ஒக்டோபர், வெள்ளி

பொய்லரின் முன்மூடியைத் திறந்து பார்த்தேன். அழுத்தம் காட்டுகிற முள் பச்சைக்குள்தான் நிற்கிறது. சுடுதண்ணீர்த் திருகை முழுவதும் திருப்பினேன். மேலே பச்சைத்தண்ணீர். அணைத்துத் திரும்பப் போட்டேன். பச்சைத்தண்ணீர். வேறு ஒன்றும் எனக்குத் தெரியாது. “ஆம்பிளைப் பெடியன்கள் செய்யிற வேலை, விடு” என்றார் அண்ணை. பெடியன் அவர்தான். செய்யவில்லை.

16 ஒக்டோபர், ஞாயிறு

விசித்திரம். குளித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று சுடுதண்ணீர் வந்தது. மூன்று நிமிடம் இருக்கும். பிறகு நின்றுவிட்டது. கீழே போனால், செல்லப்பன் அப்போதுதான் கறிச்சட்டி கழுவி முடித்துக் கை துடைக்கிறார். அவர் கழுவினால் எனக்கு ஏன் சுட வேண்டும்?

20 ஒக்டோபர், வியாழன்

எங்கள் முறைப்பாட்டுக்குப் பொய்லர் எஞ்சினியர் வந்து போயிருக்கிறார். வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம். மச்சாள் கிளினிக்கில். குசினி மேசையில் ஒரு காகிதம்: பழுது எதுவும் காணப்படவில்லை.

22 ஒக்டோபர், சனி

ஸ்ரீஸ்கந்தராஜா வந்தார். சப்பாத்தோடு மேலே ஏறினார்.

“எஞ்சினியரோட நானும் நிண்டனான். மேலயும் கீழயும் கொதிக்கக் கொதிக்க வருது. ஏன் பொய் சொல்லுறியள்?”

அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஹோம் ஒஃபிஸில் அவருடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. யார் உரத்துக் கதைத்தாலும் நிலத்தைப் பார்ப்பார். மச்சாள்தான் வீட்டுக்காரரிடம், வாளி தூக்கி இடுப்பு நோகுது, நான் ஏன் பொய் சொல்ல வேணும் என்று கேட்டார்.

அவர் மச்சாளின் வயிற்றைப் பார்த்தார். இது பெரிய ஆட்களுக்கு வாடகைக்கு விட்ட அறை, பிள்ளை அழுதால் மற்றவர்கள் எழும்பிப் போய்விடுவார்கள் என்று நிதானமாக விளக்கினார். பிறகு: “நவம்பர் முடிய வேற இடம் பாருங்கோ.”

பிள்ளை நவம்பர் இருபதுக்கு என்று சொல்லியிருக்கிறார்கள். பத்து நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்க போறது? பொய்லரில பழுது இல்லையாம், எங்களிலதான் பழுதாம். போகிற வழியில் பாத்ரூம் நோட்டீஸின் கழன்ற மூலையை விரலால் அழுத்தி ஒட்டிவிட்டுப் போனார். மனுசனோ இது?

23 ஒக்டோபர், ஞாயிறு

நித்திரை இல்லை. கோயிலில் அவருடைய உபயமாம். போகவில்லை.

29 ஒக்டோபர், சனி

காலையில் பாத்ரூமுக்குள் செல்லப்பன். நான் வெளியே துவாயோடு. கதவின் கீழிடுக்கால் ஆவி வந்தது. ஆவி!

வெளியே வந்தவரை மறித்தேன். உங்களுக்கு மட்டும் எப்படி, நீங்கள் வீட்டுக்காரரின் ஆளா என்று கேட்டேன். கொஞ்சம் கேவலமாகத்தான் கேட்டேன்.

“எனக்கு எப்பவும் சூடாத்தான் வருது லா. பச்சத் தண்ணின்னா நான் அன்னைக்கே வீடு மாறியிருப்பேன்.”

திறந்து காட்டச் சொன்னேன். திறந்தார். குழாய் போகிற மட்டும் திருப்பினார், தண்ணீர் இரைந்தது. கீழே குசினியில் பொய்லர் ‘புஃப்’ என்று பற்றுகிற சத்தம். கை வைத்தேன். சுட்டது.

நான் குழாயைப் பென்சில் அளவுக்குக் குறைத்தேன். கீழே சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் பச்சைத்தண்ணீர்.

இந்த நோட்டீஸை நீங்கள் பார்க்கவில்லையா என்று கேட்டேன்.

“இதுவா? மேல வேல் இருந்துச்சு, ஏதோ தேவாரம்னு நெனைச்சேன். எனக்குத் தமிழ் வாசிக்க வராதுங்க.”

30 ஒக்டோபர், ஞாயிறு

பொய்லரோடு வந்த ஆங்கிலப் புத்தகம் குசினி லாச்சியில் கரண்டிகளுக்கு அடியில் கிடந்தது. நிமிடத்துக்கு இரண்டரை லீற்றராவது ஓடினால்தான் நெருப்புப் பற்றும் என்று பதினோராம் பக்கத்தில் இருக்கிறது. பத்து லீற்றர் வாளியை வைத்து மணிக்கூடு பார்த்தேன். பென்சில் அளவில் வாளி நிரம்ப ஆறு நிமிடம். பற்றாது. முழுவதும் திறந்தால் எழுபது விநாடி. செல்லப்பன் கீழே சட்டி கழுவினால் இரண்டு குழாயும் சேர்ந்து போதிய தண்ணீர் ஓடும், மேலேயும் சுடும். குசினியில் நோட்டீஸ் இல்லை, அதனால் அங்கே பழுதும் இல்லை.

தாங்கி இருந்த காலத்தில் மெல்லிசாகத் திறந்தால் சுடுதண்ணீர் கன நேரம் நின்றது. தாங்கி போய்விட்டது. நோட்டீஸ் போகவில்லை.

எழுதவே வெட்கமாக இருக்கிறது. அவரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு, இந்த வீட்டில் அவர் சொல் கேட்டு நடந்தவள் நான்தான். ஒரு நாளாவது கூடத் திறந்து பார்த்தேனா? இல்லை. நாலு மாதம்.

2 நவம்பர், புதன்

தொழிற்சாலையில் என் பக்கத்தில் நிற்கும் தவமலர் ஸ்ரீஸ்கந்தராஜாவின் இல்ஃபோர்ட் வீட்டில் இருக்கிறாள். அங்கேயும் அதே பொய்லர், அதே பச்சைத்தண்ணீர். வேலை முடிய அவளோடு போனேன். பாத்ரூம் கதவில் அதே வேல், அதே பென்சில். ஃபோட்டோகொப்பி.

அவர்கள் கவுன்சிலுக்கு எழுதிவிட்டார்களாம். வருகிற செவ்வாய் ஆள் வந்து பார்ப்பார். வந்தால் தலைகளையும் எண்ணுவார். மூன்று அறையில் ஒன்பது தலை, வீட்டுக்காரருக்குத் தண்டம் விழும். வீட்டுக்காரர் இரண்டு நாளாகப் போன் எடுத்து, கடிதத்தைத் திருப்பி வாங்கச் சொல்லி மன்றாடுகிறாராம்.

தவமலருக்கு நான் காரணத்தைச் சொல்லவில்லை. சொன்னால் இன்றே அவளுக்குச் சுடுதண்ணீர், அவருக்கு நிம்மதி, எங்களுக்குத் தெரு. இன்னும் மூன்று நாள் அவள் பச்சைத்தண்ணீரில் குளிப்பாள். இதையும் எழுதி வைக்கிறேன்.

5 நவம்பர், சனி

வீட்டுக்காரரின் கடைக்குப் போனேன். மரவள்ளிக்கிழங்குப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றார். இரண்டு வீட்டுப் பழுதும் எனக்குத் தெரியும், கவுன்சில் ஆளைச் செவ்வாய்க்கு முதல் நிற்பாட்டலாம் என்றேன்.

“நீ என்ன எஞ்சினியரோ?”

“இல்லை. உங்கட நோட்டீஸ் வாசிச்சனான்.”

சொல்லு என்றார். அண்ணையும் மச்சாளும் பிள்ளையும் இன்னும் ஒரு வருடம் இருக்கலாம் என்று முதலில் எழுதித் தரச் சொன்னேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை. தராசுக்குப் பக்கத்தில் காகிதம் இருந்தது. பேனையை நான் கொண்டு போயிருந்தேன்.

கையெழுத்து வைத்த பிறகு சொன்னேன். முழுக்கதையும் ஒரு நிமிடம்கூட இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அது எண்பத்தாறில எழுதினது. பதினொரு பேர், ஒரு தாங்கி. கடைசியாக் குளிக்கிறது நான்.”

பாவமாக இருந்தது, கடை வாசல் வரைக்கும்.

நேரே இல்ஃபோர்ட்டுக்குப் போய்த் தவமலரின் குழாயைத் திறந்து காட்டினேன். எப்போது தெரியவந்தது என்று கேட்டாள். புதன் என்றேன். குழாயை இறுக்கிப் பூட்டினாள். கடிதத்தைத் திருப்பி வாங்கத் திங்கள் கவுன்சிலுக்குப் போன் எடுப்பார்கள்.

18 நவம்பர், வெள்ளி

பெண் பிள்ளை. மூன்று கிலோ இருநூறு. அண்ணை முதல் தடவையாக நிலத்தைப் பார்க்காமல் கதைத்தார்.

24 நவம்பர், வியாழன்

தவமலர் இப்போது தொழிற்சாலை வரிசையின் மற்ற முனையில் நிற்கிறாள். கேட்டு மாறியிருக்கிறாள்.

பிள்ளையைக் குளிப்பாட்டினோம். செல்லப்பன் புதுப் பேசின் வாங்கி வந்து அறைக் கதவடியில் வைத்துவிட்டுப் போயிருந்தார். நோட்டீஸைக் காணவில்லை. கதவில் நாலு மூலையிலும் பசைத் தடம் மட்டும்.

மச்சாள் பிள்ளையை வைத்துக்கொண்டு நின்றார். நான் குழாயைத் திறந்தேன். வெகுநேரமாகியும் சுடவில்லை. மச்சாள் என் கையைப் பார்த்தார்.

“கௌரி, வடிவாத் திற.”

நான் பென்சில் அளவுதான் திறந்திருந்தேன்.