மாமியாரைக் காட்டிக் கொடுத்த கதை

அன்புள்ள குட்டிம்மாவுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன், இங்கே எங்கள் இரண்டு பேர் உடம்புக்கும் ஒன்றுமில்லை, மற்றதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். வாராவாரம் போனில் பேசும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். உன் அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், நான் பெருமூச்சு விட்டால்கூட "அவ என்ன சொல்ல வர்றான்னா" என்று உனக்கு விளக்கம் சொல்கிறார். இரண்டு அறை வீட்டில் எங்கே போய்த் தனியாகப் பேசுவது. கார் போன பிறகு அவர் படி இறங்குவதே இல்லை. துணி காயப்போட பால்கனிக்குப் போனால் பின்னாலேயே வந்து கிளிப் எடுத்துக் கொடுக்கிறார், குளியலறையில் கொஞ்சம் நேரமானால் கதவைத் தட்டுகிறார். இதையும் சமையல் மேடை ஓரத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன். இப்போதுதான் எட்டிப் பார்த்து என்ன எழுதறே என்றார், மளிகைச் சாமான் என்றேன்.

வண்டியை விற்றது உனக்குத் தெரியும், அதற்கப்புறம் நடந்தது தெரியாது. அவருடைய இடது கண்ணின் ஓரப் பார்வை போய்விட்டது என்று டாக்டர் சொன்னதும் நீ அங்கிருந்தபடியே அழுது அடம்பிடித்து விற்கச் சொன்னாய், நல்ல காரியம்தான் செய்தாய், உன்னைக் குறை சொல்லவில்லை. அந்தச் சைக்கிள்காரரை நாங்கள் உரசின அன்று நான் போட்ட சத்தத்தில்தான் அவர் பிழைத்தார். அதற்கப்புறம் வண்டியில் ஏறினால் எனக்குக் கழுத்து இடது பக்கமே திரும்பி நின்றுவிடும், ஆள் வருது, ஆட்டோ வருது, தூண் இருக்கு என்று சொல்லிச் சொல்லி வீடு வந்து சேரும்போது வாய் உலர்ந்திருக்கும். நான் வரவில்லை என்றும் சொல்ல முடியாது, அவருக்கு அந்தப் பக்கத்துக் கண்ணே நான்தான். கண் பரிசோதனையில் புள்ளி தெரிந்தால் அழுத்தச் சொன்ன பட்டனை மனுஷர் தெரியாத புள்ளிக்கும் குத்துமதிப்பாக அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார். இப்படிப்பட்டவரை என்ன செய்வது.

வாங்கினது ஒரு நர்ஸம்மா, வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களுக்குக் கட்டு மாற்றுகிறவர். குள்ளமாக, சுறுசுறுப்பாக இருப்பார். எத்தனையோ பேர் வந்து, உன் அப்பா தன் கையால் மாற்றி வைத்ததையெல்லாம் பார்த்து, இது என்ன சார் வேன் எஞ்சின், இது என்ன கப்பல் ஹாரன், இதையெல்லாம் பிடுங்கிப் போட்டுப் பழையபடி ஆக்கித் தருவீங்களா என்று கேட்டுவிட்டுப் போனார்கள், உன் அப்பா முகம் சுருங்கிப்போகும். இந்தம்மா மட்டும் பின் சீட்டை மடக்கினால் கட்டில் ஆகும் என்று அவர் செய்து காட்டியபோது கையைத் தட்டிச் சிரித்தார், நோயாளியையே ஏற்றிக்கலாமே என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு உருகிப்போய்ச் சாவியைக் கொடுத்துவிட்டார் உன் அப்பா. நாங்களே ஓட்டிக்கொண்டு போய் அவர் வீட்டு வாசலில் விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பினோம், கடைசித் தடவை என்று நான் என் சீட்டில் உட்கார்ந்து, எப்போதும் போல இடது பக்கமே பார்த்துக்கொண்டு போனேன்.

எப்போதும் போல என்றேனா, தப்பு அங்கேதான். நம் வண்டியில் மாமியார் இருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும், கிளம்பும்போது அப்பா "மாமியார் எழுந்தாச்சா" என்பார், நீ பின் சீட்டிலிருந்து "எழுந்தாச்சு" என்று கத்துவாய். அது என்னவென்று உனக்குத் தெரியுமோ என்னவோ. திருட்டுப் போகாமல் இருக்க அவர் வைத்த சுவிட்ச் அது. பழைய லாரியில் விளக்கைத் தாழ்த்தக் காலால் மிதிப்பார்களே, அதைக் கொண்டுவந்து என் சீட்டின் கீழே, விரிப்புக்கு அடியில், என் குதிகால் படுகிற இடத்தில் பொருத்தினார். நான் மிதித்துக்கொண்டிருக்கும்போது அவர் சாவியைத் திருப்பினால்தான் வண்டி உயிர் பெறும், உத்தரவு கிடைக்காமல் ஒன்றும் நகராது என்பதால் மாமியார் என்று பெயர். என் அம்மாவைச் சொல்கிறாரா அவர் அம்மாவைச் சொல்கிறாரா என்று நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. வேலைக்கு அவர் கம்பெனி பஸ்ஸில் போய்விடுவார், அதனால் நான் இல்லாமல் அந்த வண்டி எங்கும் போனதே கிடையாது. எஞ்சினைக் குடைந்துகொண்டிருக்கும் நாளில்கூட கீழேயிருந்து குரல் கொடுப்பார், "ஒரு கால் கடன் குடு" என்பார், நான் அடுப்பை அணைத்துவிட்டு இறங்குவேன். ஆகவே நர்ஸம்மாவுக்கு அவர் எல்லாவற்றையும் விளக்கினார், இதை விட்டுவிட்டார். அன்றைக்கு என் கால் தானாகப் போய் மிதித்தது, வண்டி கிளம்பியது, எனக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலையிலேயே போன் வந்தது, வண்டி அசையவில்லை என்று. உன் அப்பா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், கல்யாண வீட்டுக்குப் போவது போலச் சட்டை மாட்டிக்கொண்டார். நானும் கூடவே போனேன், அங்கே அவரும் நர்ஸம்மா கூப்பிட்டிருந்த மெக்கானிக்கும் பேட்டரியைக் கழற்றினார்கள், பிளக்கைத் துடைத்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது. புரிந்ததும் பயம் வந்துவிட்டது குட்டிம்மா. தன் கையால் செய்து, தானே பெயரும் வைத்ததை இந்த மனுஷர் மறந்துவிட்டாரா. கண்ணுக்குப் பின்னால் அடுத்ததும் தொடங்கிவிட்டதா. மூக்குக் கண்ணாடியை ஃப்ரிட்ஜில் வைத்ததெல்லாம் வரிசையாக வந்து நின்றது. சுவிட்ச் எங்கே என்று நான் சொன்னால், நீங்க மறந்துட்டீங்க என்று மெக்கானிக் முன்னால் அவர் முகத்தில் அடித்த மாதிரி ஆகும். சொல்லாவிட்டால் நர்ஸம்மா வண்டியைத் திருப்பி விட்டுவிடுவார், அது கீழே வந்து நின்றால் இவர் ஓட்டாமல் இருக்க மாட்டார், நான் மறுபடியும் அந்தச் சீட்டில் கழுத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார வேண்டும், அடுத்த சைக்கிள்காரருக்கு என் சத்தம் எட்டாமலும் போகலாம். இந்தப் பக்கம் போனாலும் சுவர், அந்தப் பக்கம் போனாலும் சுவர். வாயைத் திறக்காமல் இருந்தேன்.

அடுத்த நாளும் அதே கதை. நர்ஸம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெயிலில் நடந்தே கிளம்பினார், போகும்போது, "சார், இது சரிப்பட்டு வரலைன்னா நீங்களே எடுத்துக்குங்க, எனக்கு ஆளுங்க காத்துட்டிருக்காங்க" என்றார். உன் அப்பா பரவாயில்லைம்மா, பாவம் நீங்க என்ன பண்ணுவீங்க என்றார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. அதற்கு மறுநாளும் கூடவே கிளம்பினேன். கால் வலிக்கிறது என்று சொல்லி என் சீட்டில் உட்கார்ந்தேன், ஒரு தடவை சாவியைத் திருப்பித்தான் பாருங்களேன் என்று உன் அப்பாவிடம் சொல்லி மிதித்தேன். சட்டென்று கிளம்பியது. மெக்கானிக் நேற்று துடைத்த பிளக்தான் காரணம் என்று பெருமைப்பட்டார். உன் அப்பா கையைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார், பாவம் களைப்பு என்று நினைத்தேன். அவர் கை கழுவ உள்ளே போனதும் நர்ஸம்மாவைக் கூப்பிட்டு விரிப்பைத் தூக்கிக் காட்டினேன். ஓட்டுகிறவர் சீட்டிலிருந்து அவர் கால் அங்கே எட்டாது. கொஞ்சம் யோசித்து, பையிலிருந்து குடையை எடுத்தார், எட்டிக் குடை முனையால் அழுத்தினார். கிளம்பியது. இத்தனை வருஷம் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி ஓடி இறங்கினேனே, அதை ஒரு குடை செய்துவிட்டது. சிரிப்புத்தான் வந்தது.

திரும்பும் பஸ்ஸில் உன் அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார்.  அப்புறம் ஜன்னலைப் பார்த்தபடியே, "மாமியாரைக் காட்டிக் குடுத்துட்டியா" என்று கேட்டார்.

அப்படியென்றால் மனுஷர் மறக்கவில்லை. முதல் நாளிலிருந்தே தெரிந்துதான் பேட்டரியைக் கழற்றியிருக்கிறார், பிளக்கைத் துடைத்திருக்கிறார். வண்டி திரும்பி வரும் என்று காத்திருந்திருக்கிறார், நானும் அதற்காகத்தான் வாயைத் திறக்காமல் இருக்கிறேன் என்று நினைத்து உள்ளுக்குள் சந்தோஷப்பட்டிருக்கிறார். காட்டிட்டியா என்று கேட்டிருக்கலாம், காட்டிக் குடுத்துட்டியா என்று கேட்டார். நர்ஸம்மாவுக்குத் தெரியாததைக் காட்டிக் கொடுத்தேன், அது நிஜம். இன்னொரு அர்த்தத்தையும் என்னால் மறுக்க முடியவில்லை. ஆமா என்றேன். மூளை நன்றாக இருக்கிறதே என்ற நிம்மதியில் பஸ்ஸிலேயே அழுதுவிட்டேன், அவர் அதை வருத்தம் என்று எடுத்துக்கொண்டு கிரீஸ் கறையோடு கைக்குட்டையை நீட்டினார். எது என்று நான் திருத்தவில்லை, எனக்கே சரியாகத் தெரியவில்லை.

அதைப் பற்றி அப்புறம் கோபமும் இல்லை, பேச்சும் இல்லை. நேற்று மருந்துக் கடைக்குக் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போய் வந்தேன். வாசல் பூட்டில் சாவியைப் போட்டவர் திருப்பாமல் நின்றார். ஏன் என்று பார்த்தால் என் காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், என் இடது குதிகால் அது பாட்டுக்குத் தரையை அழுத்திக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் சாவியைத் திருப்பினார். கதவு திறந்தது, உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டோம்.

இவ்வளவு நீள மளிகையா என்று மறுபடியும் கேட்டாயிற்று, முடிக்கிறேன். குளிரில் காதை மூடிக்கொள், பிள்ளைக்கு இருமல் விட்டதா என்று சொல். போனில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதே, ரேடியோவைக் கழற்றுவது எப்படி என்று அப்பாவிடம் ஏதாவது சந்தேகம் கேள், அது போதும். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், நினைத்த இடத்துக்கு நினைத்தபோது போய்வருகிற வாழ்வு வாழ வேண்டும், என் ஆசீர்வாதம் அதுதான். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. லீவில் வந்து இறங்கும்போது பழக்கத்தில் வெளியே வந்து கப்பல் ஹாரன் சத்தத்துக்காக நிற்காதே, வாடகைக் கார் பிடித்து வந்துவிடு. நாங்கள் வீட்டில்தான் இருப்போம்.

இப்படிக்கு,
கழுத்து இன்னும் இடது பக்கமே திரும்பியிருக்கும்
உன் அம்மா