பிள்ளை வாய் திறக்கும்வரை

ஆரியசாலை,
8.7.1997

அன்புள்ள மலர்,

பெண் பிறந்து இன்று பதிமூன்று நாள். நல்ல செய்தி அவ்வளவுதான். காம்பு இரண்டும் வெடித்து ரத்தம் கசிகிறது. வாய் வைத்தால் நான் பல்லைக் கடித்துக்கொள்கிறேன். அவள் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு அழுகிறாள். இடது பக்கம் கல்லாகக் கிடக்கிறது. மாமியார் நேற்று பால்பொடி டப்பாவைத் திறந்துவிட்டார். "இவளுக்குப் பாலு கொறவாக்கும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அம்மையிடம் கேள் என்றார்.

நாற்பத்தொரு நாள் ஆகாமல் மாடியை விட்டு இறங்கக் கூடாதாம். கீழே எங்கள் கடையில் மிளகாய் வத்தல் மூட்டை பிரித்தால் நெடி தரைப்பலகை இடுக்கு வழியே ஏறி வருகிறது, பிள்ளை தும்முகிறாள். என் அம்மா உயிரோடிருந்தால் தோழி உனக்குத் தொந்தரவு கொடுத்திருக்க மாட்டேன். எஸ்டேட் டிஸ்பென்சரியில் பிள்ளை பெற்றவர்கள் எத்தனை பேரைப் பார்க்கிற நர்ஸ் நீ. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து என்னை உன்னோடு கூட்டிக்கொண்டு போ. நீ கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

உன் ஜெயா

பொன்முடி,
12.7.1997

அன்புள்ள ஜெயா,

குட்டிக்கு என் முத்தம். உனக்குப் பால் குறைவில்லை, கட்டியிருக்கிறது. அவள் காம்பை மட்டும் கவ்வுகிறாள், அதனால்தான் வெடிப்பு. அவள் வயிறு உன் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும். வாயைப் பெரிதாகத் திறக்கும்வரை காத்திரு. திறந்ததும், காம்பைச் சுற்றியுள்ள கறுப்பு வட்டமும் உள்ளே போகிற மாதிரி அவளை உன்னிடம் இழுத்துக்கொள், நீ குனியாதே. கல்லான பக்கத்தில் வெந்நீர்த் துணி வைத்து, கொஞ்சம் கையால் பீய்ச்சிவிட்டுக் கொடு. பீய்ச்சியதைக் கரண்டியால் புகட்டு, பாட்டில் வேண்டாம். காய்ச்சல் வந்தால் யாரிடமும் கேட்காதே, டாக்டரிடம் போ.

20ஆம் தேதி எனக்கு லீவு. முதல் பஸ்ஸில் வருகிறேன். துணிமணி எடுத்து வை.

உன் ஜெபமலர்

பொன்முடி,
21.7.1997

ஜெயா,

நேற்று வந்தேன். கடையில் உன் வீட்டுக்காரர், "அவ உறங்குதா, எழுப்பாண்டாம்" என்றார். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உன் மாமியார் காப்பி தந்தார், நன்றாகத்தான் பேசினார். நானே மாடிக்குப் போகிறேன் என்றதற்கு, பிள்ளைக்குக் கண்படும், இன்னொரு நாள் வா என்று வாசல்வரை கூடவே வந்துவிட்டார். நீ ஒரு குரல் கொடுப்பாய் என்று பார்த்தேன்.

கோபமில்லை என்று எழுதினால் பொய். காய்ச்சல் இல்லையே? அதை மட்டும் எழுது.

ஜெபமலர்

ஆரியசாலை,
30.7.1997

அன்புள்ள மலர்,

காய்ச்சல் இல்லை.

அன்று நான் உறங்கவில்லை. காலையிலேயே பையைக் கட்டிவிட்டேன். நீ வருமுன் ஒருமுறை பால் கொடுத்துவிடலாம் என்று, நீ எழுதியபடியே அவளை வயிற்றோடு அணைத்துக் காத்திருந்தேன். கீழே உன் குரல் கேட்டதும், கொட்டாவி விடுகிற மாதிரி அவள் வாயைத் திறந்ததும் ஒன்றாக நடந்தது. பிடித்துவிட்டாள். வலிக்கவில்லை மலர். மடக் மடக்கென்று விழுங்குகிற சத்தம். இருபத்தைந்து நாளில் முதல் தடவை.

அவர் பொய் சொன்னதும் காதில் விழுந்தது. நான் கூப்பிட்டால் அவள் திடுக்கிட்டு விட்டுவிடுவாள். விட்டால் மறுபடி பிடிப்பாளா என்று யாருக்குத் தெரியும்? உட்கார்ந்தேயிருந்தேன்.

இப்போது இரண்டு பக்கமும் குடிக்கிறாள். டப்பாவை மூடியாயிற்று. "இனி இவளுக்கு எங்கயும் போகாண்டாம்லா" என்று மாமியார் அவரிடம் சொல்கிறார். வெளியே போக எனக்கு ஒரு காரணம் இருந்தது, அதுவும் போய்விட்டது.

மறுபடி வா என்று எழுதக் கை வரவில்லை. நீ வாசலில் செருப்பு மாட்டியதுகூட எனக்குக் கேட்டது. அவள் அப்போதும் குடித்துக்கொண்டிருந்தாள்.

உன் ஜெயா