மாமாவுக்கு ஒரு சின்ன லேப்டாப்

உங்களுக்கு,

தொண்டை ஆபரேஷனில் உங்கள் அப்பாவின் குரல் போன பிறகு, தட்டினால் பேசுகிற லேப்டாப் வாங்க இன்று அவரைக் கடைக்குக் கூட்டிப் போனேன். கையில் தூக்கிக்கொண்டு நடக்கிற மாதிரி சின்னதாக, நமக்குக் கட்டுப்படியாகிற விலையில் கேட்டேன்.

"தட்டுறதைச் சத்தமாப் படிக்க இது தாராளமாப் போதும்மா. ஏதாவது தட்டிப் பாருங்க ஐயா," என்றார் கடைக்காரர்.

மாமா ஒற்றை விரலால் வெகுநேரம் தட்டினார். லேப்டாப் கடை முழுக்கக் கேட்கப் படித்தது: "என் பையன் உன்னை அடிக்கிறது எனக்குத் தெரியும்மா. கேட்டுக்கிட்டே சும்மா படுத்திருந்தேன். மன்னிச்சிடு."

ஐந்து வருஷமாக யாருக்கும் தெரியாது என்றல்லவா நினைத்திருந்தேன்! கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "இதையே குடுங்க," என்று மட்டும் சொன்னேன்.

வெளியே வண்டி பிடித்து, நம் வீட்டு விலாசம் சொல்ல வாயெடுத்தேன். மாமா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு மறுபடி தட்டினார்: "உன் அக்கா வீட்டுக்குப் போகலாம். நானும் வர்றேன்."

அங்கேதான் இருக்கிறோம். நீங்கள் வர வேண்டாம். வந்தால் உங்களிடம் பேசப்போவது மாமாதானாம்.

இப்படிக்கு,
உங்கள் அப்பாவின் மருமகள்