அமினாட்டா போட்ட வாக்கு

நவம்பர், ஞாயிறு

இன்று அமினாட்டாவை வாக்குச்சாவடிக்குக் காரில் கூட்டிப்போனேன். என்னோடு நர்சிங் ஹோமில் வேலை செய்கிறவள், செனகல்காரி. அவர்களுடைய நாட்டுத் தேர்தலுக்கு டொராண்டோவில் இருந்தும் வாக்களிக்கலாம். இஸ்லாமியச் சட்டம் வேண்டும் என்று கேட்கிற கட்சியில் அவளுடைய தம்பி நிற்கிறான்.

புருஷன் அடித்த காலத்தில் அவளையும் மகளையும் வந்து கூட்டிப்போனவன் இந்தத் தம்பிதான். பிறகு நீதிமன்றம் விவாகரத்துக் கொடுத்து, மகளையும் அவளிடமே விட்டது. அப்படித் தீர்ப்புக் கொடுக்க வழிவிட்ட குடும்பச் சட்டத்தைத்தான் அவனுடைய கட்சி மாற்றப்போகிறதாம்.

வாக்குப் போட்டுவிட்டு வந்து காரில் ஏறியவள் சீட் பெல்ட்டைப் போடாமல் இருந்தாள். ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு தாள் கொடுப்பார்களாம். விரும்பியதை உறைக்குள் வைத்துவிட்டு மிச்சத்தைக் கூடைக்குள் போடவேண்டும்.

"தம்பியின்ர தாளைக் கூடைக்குள்ள போட்டிட்டன்," என்றாள்.

அப்போது அவளுடைய அம்மா ஊரிலிருந்து ஃபோன் எடுத்தார். அமினாட்டா ஒரு சொல்தான் பேசினாள்.

"தம்பிக்குப் போட்டியோ எண்டு கேட்டவ. ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

டோர்செட் பார்க்கில் தன் வீட்டடியில் இறங்கும்போது சொன்னாள்: "அவன் வெண்டால் எனக்குச் சந்தோசமாத்தான் இருக்கும். உமக்கு விளங்குதா?"

"ஓம்," என்றேன்.

வீட்டுக்கு வந்து சமைத்தேன். கறி சரியான உறைப்பு என்று இவர் சொன்னார். எனக்கு உறைப்பே தெரியவில்லை; நினைப்பெல்லாம் கூடைக்குள் போன அந்தத் தாளில்தான் இருந்தது.