மேல்துணியை மடக்கிப் பார்க்கவில்லை

மாப்ளே,

இன்று காலை ஒரு டாக்டரம்மாவின் காரை என் எலக்ட்ரிக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். முன்விளக்கு விட்டு விட்டு எரிகிறதாம். ப்யூஸ் பெட்டியின் மூடியைத் திறந்ததும் ரப்பர் கருகிய வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. எவனோ ஒரு புண்ணியவான், போன ப்யூசை மாற்றச் சோம்பல்பட்டு, அதன்மேல் செப்புக் கம்பியை மூன்று சுற்று சுற்றி வைத்திருந்தான். வண்டியை ஓட்டிவந்த டிரைவரை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன். பாவம், அவர் வேலைக்குச் சேர்ந்தே ஒரு வாரம்தான் ஆகிறதாம். அவர் டீ குடிக்கப் போனதும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். நான் திட்டியது அவரை இல்லை என்பது உனக்குத் தெரியும்.

அந்தத் திறந்த காரை நீ விருதுநகரிலிருந்து டிராக்டரில் கட்டி இழுத்து வந்த நாள் ஞாபகம் இருக்கிறது. இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். மிளகாய் வத்தல் மண்டி முதலாளி ஒருவர் வீட்டு ஷெட்டில் பதினைந்து வருஷம் சும்மா நின்ற வண்டி. இரண்டு கதவு, பின்னால் மடக்கிவிடக்கூடிய மேல்துணி, டிக்கிக்குள்ளே பேட்டரி. சீட்டைத் தட்டினால் வத்தல் தூசி கிளம்பியது. நீ தும்ம, நான் தும்ம, டிராக்டர்காரர் தும்ம, ரோட்டில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"எதுக்குலே உனக்கு இந்த வேலை?" என்று கேட்டேன்.

"கல்யாண ஊர்வலத்துக்கு விடப்போறேன். சிவகாசியில அம்புட்டுக் கல்யாணம் நடக்கு, மாப்பிள்ளை உக்கார ஒரு நல்ல வண்டி இருக்கா?" என்றாய். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "ராஜஸ்தான் லைன் போயிப் போயிச் சலிச்சிருச்சுலே. சின்னவ என்னையப் பாத்து, யாரோ வந்திருக்காகன்னு அவ அம்மாகிட்டச் சொல்லுதா" என்றாய்.

லாரியை விட்டு இறங்கி, இரண்டு பெண்பிள்ளைகளோடு ஊரிலேயே இருக்க வேண்டும். அந்த வண்டி உனக்கு அதற்காகத்தான். அது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதனால்தான் இதை எழுதவே கை கூசுகிறது.

புது பேட்டரி போட்டோம். மறுநாள் காலையில் சாவியைத் திருப்பினால் டொக் என்ற சத்தம்கூட இல்லை. என் கடையில் ராத்திரி முழுக்க சார்ஜ் ஏற்றி மாட்டினோம். அடுத்த நாளும் பேட்டரி செத்துக் கிடந்தது. நெகட்டிவ் முனையைக் கழற்றி, நடுவே ஒரு சின்ன பல்பைக் கொடுத்துப் பார்த்தேன். வண்டி அணைந்திருக்கும்போதே பல்பு மங்கலாக எரிந்தது. எங்கேயோ கரண்டு ஒழுகுகிறது. ப்யூசுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வந்தேன். முன்பக்கம் இருந்த ஓடாத கடிகாரத்தின் வயரைத் துண்டித்ததும் பல்பு அணைந்தது. நீ என்னவோ நான் செத்தவனை எழுப்பியதுபோல என் தோளில் ஓங்கி அடித்தாய்.

அதற்குப் பிறகும் நீ ராத்திரியில் வண்டியை நிறுத்தினால் டிக்கியைத் திறந்து பேட்டரி முனையைக் கையாலேயே கழற்றி வைத்துவிடுவாய். அதற்காக அதை ஸ்பானர் போட்டு முறுக்காமல் கையிறுக்கமாகவே விட்டிருந்தாய். "டாக்டரு நீ. ஆனாலும் நோயாளிக்கு எம்மேலதான் நம்பிக்கை" என்று கேலி வேறு செய்வாய்.

வெள்ளோட்டத்துக்கு முன்னால் எல்லா விளக்குகளையும் சோதித்தோம். அன்று தூறல். மேல்துணியை மூடி வைத்துத்தான் பார்த்தேன். சீரியல் பல்பு, பின்விளக்கு, ஹாரன் எல்லாம் சுத்தமாக வேலை செய்தன. நீ கேட்டாய்: "மேல்துணியை மடக்கி வச்சும் ஒருக்கா பாத்துரலாமா? ஊர்வலத்துல திறந்துதான போவும்?"

"துணிக்கும் கரண்டுக்கும் என்னலே சம்பந்தம்? போயி வேலையைப் பாரு" என்றேன்.

சம்பந்தம் இருந்தது. பின்விளக்குக்கும் சீரியல் பல்புக்கும் போகும் வயர், மேல்துணியின் இரும்புச் சட்டம் மடங்கும் இடத்தை ஒட்டி டிக்கிக்குள் போகிறது. துணியை மடக்கினால் சட்டம் அந்த வயரின் மேல் உட்கார்ந்து நசுக்கும். இதை நான் கண்டுபிடித்தது எல்லாம் முடிந்த பிறகு.

முதல் நாலைந்து ஊர்வலம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. வயரின் தோல் அப்போது இன்னும் அறுந்திருக்கவில்லை. ஆறாவதோ ஏழாவதோ, விஸ்வநத்தத்தில் போர்மேன் அண்ணாச்சி மகன் கல்யாணம். பட்டாசு கம்பெனியில் இருபது வருஷம் போர்மேனாக இருந்தவர். பாக்கெட்டில் தீப்பெட்டியோடு ஒருவன் வந்தால் வாசலோடு விரட்டி அடிப்பார் என்று பெயர். கண்டிப்பான மனிதர், மகன் கல்யாணத்தில் மட்டும் சின்னப் பிள்ளைபோல ஓடிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் கோயில் வாசலில் மாப்பிள்ளை மாலையோடு ஏறி, பின்சீட்டின் மேல்விளிம்பில் உட்கார்ந்தார். பேண்டுக்காரர்கள் ஆரம்பித்தார்கள். நீ சீரியல் செட் சுவிட்சைத் தட்டினாய். பளிச்சென்று ஒரு நொடி எரிந்து எல்லாம் அணைந்தது. ப்யூஸ் போய்விட்டது. மாற்று ப்யூஸ் போட்டேன், அதுவும் போனது. மூன்றாவது என்னிடம் இல்லை. கூட்டம் திரும்பிப் பார்த்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன், "என்னப்பா, வண்டிக்கு நேரம் சரியில்லையோ?" என்றார். அபசகுனம் என்ற பேச்சு எழ இன்னும் ஒரு நிமிஷம்தான் இருந்தது.

நான் ஒரு வயரை உரித்து, செப்பு இழையை எடுத்து, போன ப்யூசின் மேல் மூன்று சுற்றுச் சுற்றி மாட்டினேன். ஒரு தெருதானே என்று நினைத்தேன். விளக்குகள் எரிந்தன. எல்லாரும் கைதட்டினார்கள், நானும் சிரித்தேன்.

தெருவில் பாதி தூரம்கூடப் போயிருக்க மாட்டோம். நான் வண்டிக்குப் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தேன். வாடை முதலில் உனக்குத்தான் தெரிந்திருக்கிறது. நீ கத்தவில்லை. பிரேக்கை மெல்ல மிதித்து, பின்னால் திரும்பி, "மாப்பிள்ளை, இங்கன ஒரு நிமிசம் இறங்கி இந்தக் காளியம்மனைக் கும்பிட்டுக்கிடுங்க. இந்த வழியாப் போற மாப்பிள்ளை எல்லாரும் கும்பிடுறதுதான்" என்றாய். அப்படி ஒரு வழக்கமே கிடையாது. மாப்பிள்ளை நடுவழியில் இறங்கக் கூடாது என்பதுதான் வழக்கம். சாமி பெயரைச் சொன்னதால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கூட்டமும் அவரோடு கோயில் பக்கம் ஒதுங்கியது.

நீ ஓடிவந்து டிக்கியைத் திறந்தாய். புகை. வயர் சிவந்து கிடந்தது. பேட்டரியை ஒட்டி ஒரு சாக்கு. சாக்கின் ஓரம் கருகத் தொடங்கியிருந்தது. உள்ளே ஐயாயிரம் வாலா சரவெடி.

நீ சாக்கை இழுத்து ஓடைக்குள் வீசினாய். மறு கையால் பேட்டரி முனையைப் பிடுங்கினாய். முறுக்காமல் வைத்திருந்ததால் ஒரே இழுப்பில் வந்துவிட்டது. உன் உள்ளங்கைத் தோல் அதோடு வந்தது. வெடி வெடிக்கவில்லை. வேறு யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

மாப்பிள்ளை திரும்ப ஏறினார். செத்த வண்டியை மாமன் மச்சான்கள் தள்ளினார்கள். ஊர்வலமே நடை வேகம்தான், பேண்டு சத்தத்தில் இஞ்சின் ஓடவில்லை என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. டியூப்லைட் தூக்கிவந்தவர்கள் நெருங்கி நடந்தார்கள். நீ கைத்துண்டைச் சுற்றிய கையால் ஸ்டியரிங் பிடித்தாய்.

மண்டபத்தில் தாய்மாமன் பிடித்துக்கொண்டார். "யாரு இந்த வயரிங் பாத்தது? வெடியை எவன் பேட்டரி பக்கத்துல வச்சது?"

என் கடை என்னவென்று உனக்குத் தெரியும். மூன்று கம்பெனிகளின் லோடு வண்டிகள் என்னிடம்தான் வந்தன. வெடி ஏற்றும் வண்டியில் வயர் குழாய்க்குள் போக வேண்டும், பேட்டரிக்கு மூடி வேண்டும் என்று ஊருக்கே சொல்லிக்கொடுப்பவன் நான். ப்யூசில் கம்பி சுற்றியவன் நான்தான் என்று தெரிந்தால் மறுநாளே மூன்று வாசலும் அடைத்துவிடும். வாயைத் திறக்கத்தான் நினைத்தேன். நினைத்துக்கொண்டே நின்றேன்.

"கம்பி சுத்துனதும் நாந்தான், வெடியை வச்சதும் நாந்தான். என்னைய என்ன வேணும்னாலும் சொல்லுங்க" என்றாய் நீ.

சொன்னார்கள். போர்மேன் அண்ணாச்சி மட்டும் கையிலிருந்த தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் உன் வீட்டுக்கு வந்தேன். கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தாய். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "உனக்கு மூணு கம்பெனி போயிரும். எனக்கு ஒரு வண்டிதான?" என்றாய். "வெடியை ஏன்லே அங்க வச்சே?" என்று கேட்டேன். "மறந்துட்டேன், விடு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

அந்தப் பதிலை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன், மாப்ளே. கம்பி என் தப்பு, வெடி உன் தப்பு. ஆளுக்குப் பாதி. அப்படி வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷமும் தூங்கினேன்.

தீப்பிடித்த வண்டியை எந்தக் கல்யாண வீடு கூப்பிடும்? பேட்டரி மறுபடி செத்தது, நீ சார்ஜ் ஏற்றக் கொண்டுவரவில்லை. வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டாய். உள்ளூர்க் கம்பெனிகள் லோடு ஓட்ட உன்னை எடுக்கவில்லை. மறுபடி ராஜஸ்தான் லைன் லாரியில் ஏறினாய். உன் பிள்ளைகள் வயதுக்கு வந்ததும் படித்ததும் நீ இல்லாத வீட்டில்தான். நீ வரும்போதெல்லாம் உன் வீட்டுக்காரி, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், உன்னைப் பேசுவாள். "ஒரு கம்பியைப் பாத்துச் சுத்தத் தெரியாத மனுசன். அதனாலதான இந்தக் குடும்பம் இப்படிக் கிடக்கு" என்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பேன். நீ என்னைப் பார்க்கக்கூட மாட்டாய்.

போன மாதம் உன் பதினாறாம் நாள் காரியம். பந்தலில் என் பக்கத்து நாற்காலியில் போர்மேன் அண்ணாச்சி வந்து உட்கார்ந்தார். ரிட்டயர் ஆகி, கைத்தடியோடு வந்திருந்தார். உன் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை.

"அண்ணாச்சி, அன்னைக்குக் கம்பி சுத்துனது அவன் இல்லை. நான்" என்றேன்.

அவர் கைத்தடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "டிக்கியில வெடியை வச்சது நான், தம்பி" என்றார். "சாக்கைத் தூக்கிட்டு நடக்க முடியலை. சும்மாத்தான கிடக்குன்னு டிக்கியில தள்ளிட்டேன். ஒரு போர்மேன் செய்யுற வேலையா அது? மறுநாள் அவரு வீட்டுக்குப் போயி, நான் சொல்லிருதேன்னு சொன்னேன். 'ரிட்டயர் ஆவ இன்னும் எம்புட்டு வருசம் இருக்கு அண்ணாச்சி, பேசாம இருங்க'ன்னுட்டாரு. உங்க கம்பியைப் பத்தி ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லலை."

என் பாதி, உன் பாதி என்று நான் வைத்திருந்ததில் உன் பாதி என்று ஒன்று இருந்ததே இல்லை.

இரண்டு பேரும் எழுந்து உள்ளே போய்த் தங்கச்சியிடம் சொன்னோம். அண்ணாச்சி தன்னுடையதைச் சொன்னார், நான் என்னுடையதைச் சொன்னேன். நீ மேல்துணியை மடக்கிப் பார்க்கச் சொன்னதையும், நான் கேலி செய்ததையும் சேர்த்துச் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ரெண்டு பேரும் சாப்பிடாமப் போயிராதீக" என்று சொல்லி இலை போட்டாள். சாம்பார் ஊற்றும்போதுதான் கை நின்றது.

"அண்ணே, அவுகளை நான் எம்புட்டுப் பேசியிருக்கேன்? நீங்களும் இங்கனதான இருந்தீக?" என்றாள்.

ஆமாம், மாப்ளே. இங்கேதான் இருந்தேன்.